இமாம் 'மலிகி' என்று ஓதினால்: தொழுகையில் கிராஅத் வேறுபாடுகள் பற்றி ஒரு வழிகாட்டி

இமாம் ஃபாத்திஹா ஓதிக்கொண்டிருக்கிறார். 'மாலிகி யவ்மித்தீன்' என்று நீட்டி ஓதியே பழகிய காது உங்களுடையது. இவரோ 'மலிகி யவ்மித்தீன்' என்று குறுக்கி ஓதிவிட்டுப் போகிறார். உங்கள் மனம் அந்த ஒரு சொல்லிலேயே நின்றுவிடுகிறது. தப்பாக ஓதிவிட்டாரோ? எடுத்துக் கொடுக்க வேண்டுமோ? இந்தத் தொழுகை செல்லுமா?

முதல் தடவை இதைக் கேட்டபோது அந்த ரக்அத் முழுக்க நானும் இதையே நினைத்துக்கொண்டு நின்றேன். அடுத்த சூராவில் இமாம் என்ன ஓதினார் என்பதுகூட நினைவில் இல்லை. இதை நான்கு வரியில் யாராவது முன்பே சொல்லியிருந்தால் அந்தத் தொழுகை எனக்குக் கலைந்திருக்காது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதல் படி: தொழுகையைத் தொடருங்கள்

ஒன்றும் செய்யாதீர்கள். 'மாலிகி' என்றும் 'மலிகி' என்றும் ஓதுவது இரண்டுமே நபி (ஸல்) அவர்களிடமிருந்து வந்தது. கிராஅத்துகளின், அதாவது குர்ஆன் ஓதல்முறைகளின், இமாம்களில் ஆஸிம், கிஸாயீ, யஃகூப், கலஃப் ஆகிய நால்வரும் நீட்டி ஓதினார்கள். நாஃபிஉ, இப்னு கஸீர், அபூ அம்ர், இப்னு ஆமிர், ஹம்ஸா, அபூ ஜஃபர் ஆகியோர் நீட்டாமல் ஓதினார்கள். 'தீர்ப்பு நாளின் அதிபதி' என்பது ஒன்று, 'தீர்ப்பு நாளின் அரசன்' என்பது மற்றொன்று. இரண்டும் அல்லாஹ்வுக்குப் பொருந்தும்.

இந்தக் குழப்பம் நமக்கு மட்டும் வந்ததில்லை. புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ள ஹதீஸ் இது. ஹிஷாம் பின் ஹகீம் (ரலி) தொழுகையில் ஃபுர்கான் சூராவை ஓதுவதை உமர் (ரலி) கேட்கிறார்கள். தமக்கு நபியவர்கள் கற்றுத் தராத விதத்தில் பல இடங்கள் இருக்கின்றன. தொழுகையிலேயே பாய்ந்துவிடலாமா என்று தோன்றியதாக உமரே சொல்கிறார்கள். ஆனாலும் ஸலாம் கொடுக்கும்வரை பொறுத்திருந்து, அப்புறம்தான் அவருடைய மேலாடையைக் கழுத்தோடு சேர்த்துப் பிடித்து நபியவர்களிடம் இழுத்துப் போகிறார்கள். 'அவரை விடுங்கள்' என்கிறார்கள் நபியவர்கள். ஹிஷாமை ஓதச் சொல்லிக் கேட்டுவிட்டு, 'இப்படித்தான் இறக்கப்பட்டது' என்கிறார்கள். உமரை ஓதச் சொல்லிக் கேட்டுவிட்டும் அதையே சொல்கிறார்கள். குர்ஆன் ஏழு 'ஹர்ஃபு'களில் (ஓதும் விதங்களில்) இறக்கப்பட்டது, உங்களுக்கு எளிதானதை ஓதுங்கள் என்று முடிக்கிறார்கள்.

இந்த நிகழ்ச்சியின் தொடக்கமே ஒரு தொழுகை. ஹிஷாம் ஓதிக்கொண்டிருந்தது தொழுகையில்தான். அந்தத் தொழுகையைத் திரும்பத் தொழும்படி அவருக்குச் சொல்லப்பட்டதாக அந்த ஹதீஸில் இல்லை. வேறு கிராஅத்தில் தொழலாமா என்று கேட்பவர்களுக்கு இதற்கு மேல் நேரடியான பதில் எனக்குத் தெரியவில்லை. உமர் (ரலி) எவ்வளவு கோபத்திலும் ஸலாம்வரை காத்திருந்ததையும் கவனியுங்கள்.

இரண்டாம் படி: பெயர்களைப் பழகிக்கொள்ளுங்கள்

கிராஅத் என்பது ஓர் இமாமின் ஓதல்முறை. அவரிடமிருந்து அதை எடுத்துச் சொன்னவரின் வழி ரிவாயத். அந்த அறிவிப்பாளருக்குப் பிந்தைய வழி தரீக். இன்று உலகில் மிகப் பெரும்பாலோர் ஓதுவது 'ஆஸிமிடமிருந்து ஹஃப்ஸ்' என்ற ரிவாயத். கூஃபாவைச் சேர்ந்த ஆஸிம் ஹிஜ்ரி 127இல் இறந்தார். அவருடைய இன்னொரு அறிவிப்பாளர் ஷுஃபா. மதீனாவின் நாஃபிஉக்கு வர்ஷ், காலூன் என்று இரண்டு அறிவிப்பாளர்கள். மொராக்கோ, அல்ஜீரியா, மேற்கு ஆப்பிரிக்கா பக்கம் போனால் வர்ஷ். லிபியா, துனீசியாவில் காலூன். சூடானில் அபூ அம்ரிடமிருந்து தூரி. மதீனாவில் உள்ள மன்னர் ஃபஹ்த் அச்சகமே ஹஃப்ஸோடு வர்ஷ், காலூன், தூரி முஸ்ஹஃபுகளையும் (குர்ஆன் பிரதிகளையும்) அச்சிட்டு வெளியிடுகிறது.

ஹிஜ்ரி 324இல் (கி.பி. 936) மறைந்த பக்தாத் அறிஞர் இப்னு முஜாஹித் ஏழு இமாம்களின் கிராஅத்துகளைத் தொகுத்தார். அபூ ஜஃபர், யஃகூப், கலஃப் ஆகிய மூவரையும் சேர்த்துப் பத்தாக நிலைநாட்டியதில் ஹிஜ்ரி 833இல் (கி.பி. 1429) மறைந்த இப்னுல் ஜஸரீக்குப் பெரும் பங்கு உண்டு. ஹதீஸில் வரும் 'ஏழு ஹர்ஃபு' வேறு, இந்த 'ஏழு கிராஅத்' வேறு. இப்னு முஜாஹித் ஏழு என்ற எண்ணிலேயே நிறுத்தியதால் இரண்டும் ஒன்று என்று பலர் நினைத்துவிட்டார்கள். நீங்கள் அந்தக் குழப்பத்தில் விழ வேண்டாம்.

இன்னொன்று. கிராஅத்துக்கும் மத்ஹபுக்கும் முடிச்சுப் போடாதீர்கள். இமாம் ஷாஃபிஈ (ரஹ்) ஓதியது மக்காவின் இப்னு கஸீர் கிராஅத். அவருடைய மத்ஹபைப் பின்பற்றுகிறவர்களில் பெரும்பாலோர் இன்று ஓதுவது ஹஃப்ஸ். இமாம் அஹ்மதுக்கு (ரஹ்) மிகவும் பிடித்தது மதீனாவின் நாஃபிஉ கிராஅத். ஹம்ஸா, கிஸாயீ இருவரின் ஓதலில் வரும் நீட்டல்களும் எழுத்துச் சேர்க்கைகளும் அவருக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. அப்படியிருந்தும் அவற்றில் ஓதினால் தொழுகை செல்லாது என்று அவர் சொல்லவில்லை. பிடிக்கவில்லை என்பதையும் கூடாது என்பதையும் அவர் தனித்தனியாக வைத்திருந்தார்.

மூன்றாம் படி: எது கிராஅத், எது பிழை என்று பிரித்துப் பாருங்கள்

காதில் வித்தியாசமாக விழுவதெல்லாம் கிராஅத் ஆகிவிடாது. 'வலள்ளால்லீன்' என்பதில் உள்ள ளாத் எழுத்தை ஒருவர் ஒரு விதமாகவும் இன்னொருவர் வேறு விதமாகவும் உச்சரிப்பார். அது எழுத்து பிறக்கும் இடம் பற்றிய விஷயம், தஜ்வீத் (உச்சரிப்பு விதிகள்) பாடம். கிராஅத் வேறுபாடு என்று சொல்லி அதை நியாயப்படுத்த முடியாது.

உண்மையான பிழைக்கு ஃபிக்ஹ் அறிஞர்கள் காட்டும் உதாரணம் ஃபாத்திஹாவிலேயே இருக்கிறது. 'அன்அம்த' என்றால் 'நீ அருள்புரிந்தாய்'. அதையே 'அன்அம்து' என்று ஓதினால் 'நான் அருள்புரிந்தேன்' என்றாகிவிடும். ஒரே ஒரு உயிரொலிதான் மாறியிருக்கிறது, ஆனால் அடியான் அல்லாஹ்வின் இடத்தில் நின்றுகொண்டு பேசுகிறான். எந்தக் கிராஅத்திலும் இப்படி இல்லை. இதை எடுத்துக் கொடுத்தே ஆக வேண்டும்.

ஃபாத்திஹாவில் உங்கள் காதில் விழக்கூடிய நிஜமான கிராஅத் வேறுபாடுகள் விரல்விட்டு எண்ணக்கூடியவைதான். 'மாலிகி', 'மலிகி' பற்றிச் சொல்லிவிட்டேன். 'ஸிராத்' என்ற சொல்லை ஸாதுக்குப் பதில் ஸீன் எழுத்தால் ஓதுவது இப்னு கஸீரிடமிருந்து குன்புல் அறிவித்தது. ஹம்ஸாவின் வழியில் அதே எழுத்தில் ஸாய் ஒலி கலந்து வரும். 'அலைஹிம்' என்பதை ஹம்ஸாவும் யஃகூபும் 'அலைஹும்' என்று ஓதுவார்கள், இப்னு கஸீரும் அபூ ஜஃபரும் 'அலைஹிமூ' என்று நீட்டுவார்கள். இவற்றில் எதைக் கேட்டாலும் திகைக்க வேண்டியதில்லை.

மற்ற சூராக்களில் வர்ஷ் ரிவாயத்தை அடையாளம் காண்பது சுலபம். 'கத் அஃப்லஹ' என்பது 'கதஃப்லஹ' என்று சேர்ந்து வரும். 'முஃமினூன்' என்பது 'மூமினூன்' ஆகும். 'வள்ளுஹா' சூராவின் வசன முடிவுகளில் ஆ என்ற ஒலி ஏ பக்கம் லேசாகச் சாயும். இந்தச் சாய்வு உங்களுக்கு அந்நியமானதும் அல்ல. ஹூத் சூராவின் 41ஆம் வசனத்தில் ஹஃப்ஸ் ஓதுகிறவர்கள் எல்லாரும் 'மஜ்ரேஹா' என்றுதான் ஓதுகிறார்கள். ஹஃப்ஸில் இப்படிச் சாய்த்து ஓதும் ஒரே இடம் அது. உங்கள் முஸ்ஹஃபை எடுத்துப் பாருங்கள், அந்தச் சொல்லின் கீழே அதற்கென்று ஒரு குறி இருக்கும்.

பிழையா கிராஅத்தா என்று தொழுகைக்குள் சந்தேகம் வந்தால், அடுத்த ரக்அத்தைக் கவனியுங்கள். அதே சொல்லை அதே விதமாக மறுபடி ஓதினால், அநேகமாக அவர் கற்ற முறை அது. தொழுகை முடிந்ததும் மரியாதையாகக் கேளுங்கள்: 'ஹஜ்ரத், நீங்கள் ஓதியது எந்த ரிவாயத்?' இந்தக் கேள்வியில் யாருக்கும் மனம் புண்படாது.

நான்காம் படி: ஏற்கப்பட்ட கிராஅத்தின் மூன்று நிபந்தனைகள்

இப்னுல் ஜஸரீ சொன்ன அளவுகோல் இது. அரபு மொழி இலக்கணத்துக்கு ஏதேனும் ஒரு வகையில் பொருந்த வேண்டும். உஸ்மான் (ரலி) நகரங்களுக்கு அனுப்பிய முஸ்ஹஃபுகளில் ஏதேனும் ஒன்றின் எழுத்து வடிவத்துக்குள் அடங்க வேண்டும். சரியான அறிவிப்புத் தொடர், அதாவது சனத், வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் அது 'ஷாத்', விலகிப்போனது.

இந்த நிபந்தனைகள் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதை பக்தாதின் வரலாறே காட்டும். ஹிஜ்ரி 323இல் இப்னு ஷனபூத் என்ற ஓதல் அறிஞர் அமைச்சர் இப்னு முக்லாவின் முன் நிறுத்தப்பட்டார். முஸ்ஹஃபின் எழுத்துக்கு வெளியே உள்ள சொற்களை மிஹ்ராபில் நின்று, தொழுகையிலேயே ஓதினார் என்பது குற்றச்சாட்டு. ஜும்ஆ வசனத்தில் 'ஃபஸ்அவ்' என்ற இடத்தில் 'ஃபம்ளூ' என்று ஓதியது அவற்றில் ஒன்று. அறிவிப்புத் தொடர் இருந்தால் போதும் என்பது அவர் வாதம். அவருக்குச் சாட்டையடி கிடைத்தது, பிறகு அவர் பின்வாங்கினார். அதே காலத்தில் அதே நகரத்தில் இப்னு மிக்ஸம் என்பவர் நேரெதிர்ப் பக்கம் போனார்: எழுத்துக்கும் இலக்கணத்துக்கும் பொருந்தினால் போதும், அறிவிப்புத் தொடர் தேவையில்லை என்றார். அவரும் பின்வாங்க வைக்கப்பட்டார். ஒருவர் எழுத்தை விட்டார், மற்றவர் தொடரை விட்டார். சாட்டையடியை என்னால் நியாயம் என்று சொல்ல முடியவில்லை. ஆனால் குர்ஆன் விஷயத்தில் அந்தத் தலைமுறைக்கு இருந்த பதற்றம் எனக்குப் புரிகிறது.

ஐந்தாம் படி: மூன்று கேள்விகளைத் தனித்தனியாகக் கேளுங்கள்

இந்த விஷயத்தில் நடக்கும் சண்டைகளில் பாதி, மூன்று கேள்விகளை ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால் வருகிறது. தொழுகை செல்லுமா? ஓதக் கூடுமா? இந்த மக்களுக்கு முன்னால் ஓதுவது நல்லதா? மூன்றும் வேறு வேறு. ஒன்றின் பதிலைக் கொண்டுபோய் மற்றொன்றுக்குப் பொருத்தாதீர்கள்.

ஏழு கிராஅத்துகளில் எதை ஓதினாலும் தொழுகை செல்லும், ஓதவும் கூடும். இதில் நான்கு மத்ஹபுகளும் ஒரே பக்கம்தான். அவற்றோடு சேரும் மூன்றைப் பற்றி முன்பு பேச்சு இருந்தது. ஷாஃபிஈ மத்ஹபின் இமாம் நவவீ ஏழோடு நிறுத்திக்கொண்டார்கள். அதே மத்ஹபின் தாஜுத்தீன் சுப்கீ, பத்துமே ஐயமற்ற தொடர்களோடு வந்தவை என்று இப்னுல் ஜஸரீக்கு எழுத்து மூலம் பதில் கொடுத்தார்கள். ஹனஃபி நூல்களும் பத்து இமாம்களைக் கணக்கில் எடுத்துக்கொண்டுதான் பேசுகின்றன. இன்று நடைமுறையில் பத்தும் ஏற்கப்பட்டவை.

ஷாத் விஷயத்தில்தான் கவனமாக இருக்க வேண்டும். ஓதக் கூடாது என்பது பெரும்பான்மை. இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களுக்குரியதாகச் சொல்லப்படும் ஓதலை ஓதும் இமாமுக்குப் பின்னால் நின்றுவிட்டால் என்ன செய்வது என்று இமாம் மாலிக்கிடம் (ரஹ்) கேட்டார்கள். விட்டு வெளியேறிவிட வேண்டும், அவரைப் பின்பற்றக் கூடாது என்றார்கள். இமாம் அஹ்மத் வழியாக இரண்டு கருத்துகள் வந்திருக்கின்றன. தொழுகை செல்லுமா என்ற கேள்விக்கு ஷாஃபிஈ மத்ஹபின் பதில் நுணுக்கமானது: பொருள் மாறாமல், எழுத்து கூடாமல், குறையாமல் இருந்தால் தொழுகை செல்லும், ஆனால் ஓதியது தவறு. ஹனஃபி மத்ஹபில் பலமான கருத்துப்படி, ஷாத் ஓதியதால் மட்டும் தொழுகை முறிந்துவிடாது, ஆனால் கட்டாயமான ஓதலாக அது கணக்கில் சேராது.

ஒரு விஷயம் புதியவர்களை வியக்க வைக்கும். சத்தியத்தை முறித்ததற்கான பரிகார நோன்பு மூன்று நாள். இப்னு மஸ்ஊதின் ஓதலில் அதோடு 'தொடர்ச்சியாக' என்ற சொல்லும் உண்டு. அதை ஆதாரமாகக் கொண்டு ஹனஃபிகள் அந்த மூன்று நோன்பையும் இடைவெளியில்லாமல் நோற்க வேண்டும் என்கிறார்கள். ஆனால் அதே சொல்லைத் தொழுகையில் ஓத அவர்கள் அனுமதிப்பதில்லை. சட்டத்துக்கு ஆதாரமாவது வேறு, தொழுகையில் குர்ஆனாக ஓதப்படுவது வேறு.

ஆறாம் படி: பிஸ்மில்லாஹ்வை மறக்காதீர்கள்

சாதாரண ஆளுக்கு அன்றாடம் நேரடியாகப் படுவது இதுதான். மக்கா, கூஃபா கணக்கில் பிஸ்மில்லாஹ் ஃபாத்திஹாவின் முதல் வசனம். மற்ற நகரங்களின் கணக்கில் அது வசனமல்ல; கடைசிப் பகுதியில் 'அன்அம்த அலைஹிம்' என்ற இடத்தில் ஒரு வசனம் முடியும். எப்படி எண்ணினாலும் ஏழு வந்துவிடும்.

ஷாஃபிஈ மத்ஹபில் பிஸ்மில்லாஹ் இல்லாமல் ஃபாத்திஹா நிறைவாகாது. ஹனஃபி, ஹன்பலி மத்ஹபுகளில் மெதுவாக ஓதுவது சுன்னத். மாலிகி மத்ஹபின் பிரபலமான கருத்துப்படி ஃபர்ளான தொழுகையில் அதை ஓதுவதே மக்ரூஹ். இமாம் பிஸ்மில்லாஹ்வைச் சத்தமாக ஓதவில்லை என்றால், மெதுவாக ஓதியிருப்பார் என்று நல்லெண்ணம் வைத்துத் தொழுங்கள். நீங்கள் ஷாஃபிஈ என்றால் உங்களுடைய ஃபாத்திஹாவை பிஸ்மில்லாஹ்வோடு நீங்கள் ஓதிக்கொள்ளுங்கள். அவர் நிச்சயமாக விட்டுவிடுகிறார் என்று தெரிந்தால் அங்கே கருத்து வேறுபாடு உண்டு. பின்பற்றுகிறவரின் மத்ஹபை வைத்தே முடிவு செய்ய வேண்டும் என்பது ஷாஃபிஈ மத்ஹபின் பலமான கருத்து. இமாமின் தொழுகை அவருடைய மத்ஹபில் சரியென்றால் பின்னால் நிற்பவருக்கும் சரி என்கிறார்கள் வேறு பல அறிஞர்கள். எனக்கு மனம் சாய்வது இந்த இரண்டாவது பக்கம்தான், இல்லாவிட்டால் பயணத்தில் ஜமாஅத்தே கிடைக்காது. ஆனாலும் நீங்கள் நம்பும் ஆலிமிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

ஏழாம் படி: கலந்து ஓதாதீர்கள்

இரண்டு கிராஅத்துகளை ஒரே தொழுகையில் கலக்கலாமா? பகரா சூராவின் 37ஆம் வசனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஹஃப்ஸில் 'ஃபதலக்கா ஆதமு மிர் ரப்பிஹீ கலிமாதின்', அதாவது ஆதம் தம் இறைவனிடமிருந்து சில சொற்களைப் பெற்றுக்கொண்டார். இப்னு கஸீரிடம் 'ஆதம', 'கலிமாதுன்': சொற்கள் ஆதமிடம் வந்து சேர்ந்தன. இரண்டும் அழகு. ஆனால் ஒருவர் அதிலிருந்து ஒன்றும் இதிலிருந்து ஒன்றும் எடுத்து 'ஆதமு ... கலிமாதுன்' என்று ஓதினால், இரண்டுமே எழுவாயாகி, யார் எதைப் பெற்றார் என்றே தெரியாமல் வாக்கியம் உடைந்துவிடும். இப்படி ஒன்றையொன்று சார்ந்த இடங்களில் கலப்பது ஹராம் என்கிறார் இப்னுல் ஜஸரீ. இன்னாரின் ரிவாயத் என்று சொல்லிக்கொண்டு கலந்தாலும் கூடாது, அது அவர் பெயரில் சொல்லும் பொய்யாகிவிடும். மற்ற இடங்களில் வெறும் ஓதலாகக் கலந்தால் தடையில்லை.

பேச்சின் தொடர்பு முடியும்வரை ஒரே கிராஅத்தில் ஓதிவிட்டு அப்புறம் மாற்றிக்கொள்ளலாம், அதே அமர்வில் மாற்றாமல் இருப்பது இன்னும் நல்லது என்கிறார்கள் நவவீ. ஒரு ரக்அத்தில் நாஃபிஉ, இன்னொன்றில் அபூ அம்ர் என்று ஓதினாலும், ஒரே ரக்அத்தில் ஓதினாலும் கூடும் என்பது இப்னு தைமிய்யாவின் ஃபத்வா. புதியவருக்கு என் ஆலோசனை: தொடங்கிய ரிவாயத்திலேயே ஸலாம்வரை போங்கள்.

தராவீஹில் வேகத்துக்காக இரு சொற்களுக்கிடையே வரும் நீட்டல்களை இரண்டு அளவாகக் குறைத்து ஓதுகிறவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். ஹஃப்ஸிலேயே அப்படி ஒரு தரீக் இருக்கிறது. ஆனால் அந்த தரீக்குக்கென்று வேறு சில சொற்களிலும் விதிகள் உண்டு. நீட்டலை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விடுவதும் கலப்புதான்.

எட்டாம் படி: நீங்களே இமாம் என்றால்

உங்களுக்கு சனதோடு வர்ஷ் தெரியும், ஆசையும் இருக்கிறது. பின்னால் நிற்பவர்களோ ஹஃப்ஸ் தவிர எதையும் கேட்டதில்லை. இங்கேதான் ஐந்தாம் படியில் சொன்ன மூன்றாவது கேள்வி வருகிறது. எல்லா ஏற்கப்பட்ட ரிவாயத்துகளிலும் ஓதலாம், ஆனால் பொதுமக்கள் முன்னால் அவர்கள் அறியாததை ஓதாமல் இருப்பதே மேல், அவர்களுடைய மார்க்கத்தைக் காப்பதற்காக என்று ஹனஃபி நூல்கள் சொல்கின்றன. 'மார்க்கத்தைக் காப்பதற்காக' என்பதுதான் கவனிக்க வேண்டிய சொல். அறியாமல் ஒருவர் 'இதென்ன ஓதல்!' என்று ஏளனம் செய்தால், அவர் ஏளனம் செய்வது குர்ஆனை. அந்தப் பாவத்தில் அவரைத் தள்ளிவிடாதீர்கள்.

ஓதியே தீர வேண்டும் என்றால் தொழுகைக்கு முன் இரண்டு நிமிடம் எழுந்து நின்று விளக்குங்கள். எந்த ரிவாயத், எங்கே ஓதப்படுகிறது, ஃபாத்திஹாவில் எந்தச் சொல் மாறும் என்று சொல்லிவிடுங்கள். பின்னால் ஒரு ஹாஃபிழ் இருந்தால் அவரிடம் தனியாகச் சொல்லிவையுங்கள், இல்லையென்றால் ஒவ்வொரு வசனத்திலும் உங்களுக்கு எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருப்பார், பாவம்.

ஒன்பதாம் படி: கற்றுக்கொள்ள ஆசை வந்தால்

முதலில் ஹஃப்ஸை ஓர் உஸ்தாதிடம் முழுமையாக ஓதி முடியுங்கள். ஒலிப்பதிவைக் கேட்டுப் பிடித்த ஓதலைத் தொழுகையில் கொண்டுவராதீர்கள். ஓதுகிறவர் எங்கே எந்த விதியால் மாற்றினார் என்பது ஒலிப்பதிவில் தெரியாது, நீங்கள் தவறினால் அது திருத்தவும் செய்யாது. ஏழு கிராஅத்துகளையும் கற்கிறவர்கள் இமாம் ஷாத்திபீயின் 1173 அடிகள் கொண்ட பாடலை மனப்பாடம் செய்கிறார்கள். அது வருடங்கள் பிடிக்கும் வேலை, அவசரப்பட வேண்டாம்.

ஹஃப்ஸுக்குப் பிறகு ஷுஃபாவில் தொடங்குவது சுலபம் என்பேன். இருவருக்கும் ஆசிரியர் அதே ஆஸிம்தான். ஃபாத்திஹாவில் இருவருக்கும் வேறுபாடே இல்லை, அதனால் தொழுகையின் ருக்னில் (கட்டாய அங்கத்தில்) தடுமாறுவோமோ என்ற பயம் வேண்டாம். சிறிய சூராக்களில் மாற்றம் கொஞ்சம்தான். காஃபிரூன் சூராவின் முடிவில் ஹஃப்ஸ் 'வலிய தீன்' என்பார், ஷுஃபா 'வலீ தீன்' என்பார். இக்லாஸின் முடிவில் 'குஃபுவன்' என்பது 'குஃபுஅன்' ஆகும், 'ஹம்ஸா' என்ற அரபு எழுத்தை (இமாம் ஹம்ஸா அல்ல) தெளிவாக வெட்டி ஓத வேண்டும். உஸ்தாத் முன்னால் உட்கார்ந்து இந்த இரண்டு சூராக்களையும் அவர் 'சரி' என்று சொல்லும்வரை ஓதுங்கள். பிறகு, தனியாகத் தொழும் ஃபஜ்ருடைய சுன்னத்தில் முதல் ரக்அத்துக்கு காஃபிரூனையும் இரண்டாவதற்கு இக்லாஸையும் ஓதுங்கள்.